எர்ணாவூர்த் தண்ணீரில் நின்ற பாசஞ்சர்

மழையில் ஒரு கை வெளியே நீட்டியிருந்தது.

இரண்டாம் வகுப்பு ஜன்னலிலிருந்து முழங்கை வரை வெளியே வந்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி இருந்தது. மழைத் தண்ணீர் அந்தக் குழிந்த கையில் நிறைந்து, விரல் இடுக்குகளில் வழிந்து, மறுபடியும் நிறைந்துகொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இக்னேஷியஸ் கையில் அரிக்கேன் விளக்கோடு ரயிலின் ஓரமாக நடந்து வந்தவர், யாரோ வேலையற்றவன் மழையோடு விளையாடுகிறான் என்று எரிச்சல்பட்டார். மற்ற எல்லா ஜன்னல்களிலும் மரத்தட்டிகள் இறக்கியாயிற்று. மணி நாலரைதான், ஆனால் வானம் இருட்டிக் கட்டிக்கொண்டிருந்தது. அணைந்த எஞ்சின் கரியின் வாடையும் உப்பளச் சேற்றின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. இரண்டு முறை அதட்டிப் பார்த்தார். கை உள்ளே போகவில்லை. அந்தக் குளிரில் அது நடுங்கவும் இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார்.

இருபத்தேழாம் வருஷத்து ஐப்பசிப் புயல் அது. ராயபுரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் பாசஞ்சர், திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் மேட்டில் ஏறியதும் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். பின்னால் கரையே அறுத்துக்கொண்டு போயிருந்தது. தந்திக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. நான்கே பெட்டிகளும் ஓர் எஞ்சினும் நடுத் தண்ணீரில் ஒரு திட்டின் மேல் நின்றன. கடல் பக்கம் மட்டும் ஓர் ஆள் நடக்க ஒன்றரை முழ அகலத்துக்கு ஜல்லி மிச்சமிருந்தது. உப்பளப் பக்கம் தண்ணீர் படிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. விடியும் வரை யாரும் வரப்போவதில்லை, யாரும் போகவும் முடியாது.

இக்னேஷியஸ் கதவைத் தள்ளினார். உள்தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

உப்பளக் குத்தகைதாரர் கிருஷ்ணப்பன் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. தாடை முதல் காறை எலும்பு வரை யாரோ பிடித்துக் கிழித்திருந்தார்கள், வெட்டவில்லை, கிழித்திருந்தார்கள். பெஞ்சு குடித்தது போக மீதி ரத்தம் பலகைத் தரையில் ஓடி, ஈரச் செருப்பில் பிசுபிசுத்தது. தங்கப் பொத்தான், மோதிரம், கடிகாரச் சங்கிலி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இருபத்திரண்டு வருஷம் ரயில்வே போலீசில் இருந்த இக்னேஷியஸ், சக்கரத்தில் சிக்கியவர்களைக் கூடையில் பொறுக்கியவர். ஆனாலும் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. செத்தவரின் முகத்தில் பயம் இல்லை. சந்தோஷமாக எதையோ சொல்ல வாயெடுத்தவர் மாதிரி இருந்தது, அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து அவருக்கு வந்த நினைப்பு ஆலிஸ்.

ஆலிஸ் அவருடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. எண்ணூரில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து முதல்முறையாக வீட்டை விட்டுப் போகிறாள். அவளோடு போவதற்காகவே இந்த ரயிலில் டியூட்டி கேட்டு வாங்கியிருந்தார். மனைவி பிளேக் காய்ச்சலில் போனபோது குழந்தைக்கு மூன்று வயது. அன்றிலிருந்து லத்தி பிடித்த கையால் அவர்தான் சடை பின்னிவிட்டார், கோணலாகத்தான் பின்னினார், அந்தக் கோணல் சடையோடுதான் இன்றைக்கும் கிளம்பியிருந்தாள். அவளுக்கு ஒன்று என்றால் தனக்கு உயிர் தேவையில்லை என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

பெண்கள் பெட்டி அதே இரண்டாம் வகுப்பு வண்டியின் கோடியில் இருந்தது. ராயபுரத்தில் அவளை ஏற்றிவிட்டபோது உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்: மீன் கூடையோடு கெங்கம்மா, பூவம்மா என்ற இரு அக்கா தங்கைகள், நீலா என்ற ஒரு கர்ப்பிணி. ஆலிஸோடு நான்கு. இக்னேஷியஸ் போய்த் தட்டியை இரண்டு முறை தட்டினார். உள்ளே போகவில்லை. ஆண்பிள்ளை பெண்கள் பெட்டியில் கால் வைப்பதில்லை, போலீசாயிருந்தாலும் சரி. போன வருஷம் தண்டையார்பேட்டையில் ஒரு திருட்டு கேசுக்காக அப்படி நுழைந்ததற்கு ஊரே மகஜர் எழுதி, மூன்று மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் வெளியே நின்றே, ஒருவருக்கு அடிபட்டிருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று சொன்னார்.

"யார் வந்தாலும் தொறக்காதே. என் குரல் கேட்டா மட்டும் தொற. அரை மணிக்கு ஒரு தரம் வந்து தட்டுவேன், பதில் சொல்லு."

"சரி நைனா. நீ நனைஞ்சிகினு திரியாதே, அப்பால இருமலு வந்து ராத்திரி பூரா பேஜாரு பண்ணுவே."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கார்டு ஜேக்கப்பும் ராயபுரத்து ஆள்தான், ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள். இருவரும் சேர்ந்து விசாரித்தார்கள். கிருஷ்ணப்பனுக்கு அடுத்த தடுப்பில் இருந்தவர் சுங்க இலாகா குமாஸ்தா ஞானம். நடுவில் ஒரு மெல்லிய பலகைதான். அவர் நடுங்கிக்கொண்டே சொன்னது இக்னேஷியஸுக்கு உதவியாகவும் இருந்தது, உறுத்தவும் செய்தது.

"யாரோ கதவ தட்னாங்க சார். அவுரு சிரிச்சாரு. 'கன்னியம்மா, இந்த மழைல நீ எப்டி வந்தே'ன்னு கேட்டாரு. ஒரு பொம்பள குரலு பதில் சொல்லிச்சி. தாப்பா எடுத்த சத்தம் கேட்டுது. அப்பால ஒண்ணியும் கேக்கல."

கன்னியம்மா யார் என்று கேட்டார். கிருஷ்ணப்பனின் சம்சாரம் என்றார் ஞானம். எண்ணூரில் வீட்டில் இருக்கிறாள். பதினைந்து நாள் கழித்துப் பார்க்கப்போவதாக வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாராம்.

பேய் பிசாசு என்று யோசிக்கிறவர் இல்லை இக்னேஷியஸ். பெண் குரலில் பேசி ஏமாற்றியவர்களை அவர் உள்ளே தள்ளியிருக்கிறார். ஞானத்தைத் தனியாக விடாமல் மூன்றாம் வகுப்பில் இருபது பேரோடு உட்கார வைத்தார். அங்கே போனதும் ஆளுக்கு ஆள் ஒரே பெயரைச் சொன்னார்கள். வெள்ளத்துரை. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவன். ராயபுரத்திலிருந்து வழி நெடுக ராணி குரலில் வசனம் பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவன். அவன் இடுப்பில் மூட்டைக் கொக்கி இருந்தது, விரல் தடிமனில் வளைந்த இரும்பு. அதன் முனையில் ரத்தம் காய்ந்திருந்தது.

ரத்தம் தன்னுடையது, காலையில் மூட்டை வழுக்கிக் கையைக் கிழித்துவிட்டது என்றான். உள்ளங்கையில் ஒரு காயமும் இருந்தது. அதை யாரும் பார்க்க விரும்பவில்லை, இக்னேஷியஸும்தான்.

கடைசியில் இருந்த கார்டு வண்டிக்கு அவனை இழுத்துக்கொண்டு போய், பிரேக் சக்கரத்தில் கையைச் சேர்த்துக் கட்டினார்கள். எல்லாக் கேசும் இப்படித்தான் முடியும். ஆள் கிடைத்தால் அடி, அடி விழுந்தால் உண்மை வரும், அவருக்கு மேலே இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். முதலில் உள்ளங்காலில் அடித்தார். அப்புறம் முழங்காலில். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவன் அலறியது பாதிதான் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஆலிஸ் உட்கார்ந்திருக்கும் பெட்டி அவர் கண் முன்னால் வந்தது, அதனால் இன்னும் ஓங்கி அடித்தார். விலா எலும்பு ஒன்று முறிந்தது கையில் தெரிந்தது. பல் இரண்டு தரையில் உருண்டது. ஜேக்கப் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிவப்பு விளக்கின் திரியைச் சரிசெய்கிற மாதிரி நின்றான்.

"நான் இல்ல சார். எங்கம்மா மேல சத்தியமா நான் இல்ல."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாயிலிருந்து ரத்தத்தோடு நூல் நூலாக எச்சில் வடிய, வெள்ளத்துரை தலையைத் தூக்கினான்.

"சரி சார். நான்தான். வுட்டுடு சார்."

இக்னேஷியஸ் லத்தியைக் கீழே வைத்தார். மனசு லேசாகிவிட்டது, அதை அவர் மறைக்கவில்லை. குற்றவாளி கட்டுக்குள் இருக்கிறான். ரயிலில் இனி பயமில்லை. ஜேக்கப்பைக் காவல் வைத்துவிட்டு, சட்டைக் கையில் தெறித்த ரத்தத்தை மழையில் நனைத்துத் துடைத்துக்கொண்டு, மகளுக்குச் சொல்லப் போனார்.

தட்டியைத் தட்டினார்.

"ஆலிஸ். ஆள் ஆப்ட்டுகினான். பயப்படாதே. எல்லாரும் கீறீங்களா?"

தட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"கீறோம் நைனா. அஞ்சு பேரும் கீறோம்."

நான்கு பேர்தானே என்று தோன்றியது. திருவொற்றியூரில் யாராவது ஏறியிருக்கலாம். அவர் இருமினார். நனையாதே என்று அவள் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பாவம், களைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் நடந்தார்.

எஞ்சின் டிரைவரோடு நின்று ஒரு பீடி குடித்தார். தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருக்கிறது என்று டிரைவர் காட்டினான். அரை மணி நேரம் போயிருக்கும். திரும்பி வருகையில், மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு அடியில் ஜல்லியில் எதையோ மிதித்தார். மெத்தென்று இருந்தது.

விளக்கைத் தாழ்த்தினார்.

ஞானம். சட்டையை வைத்துத்தான் தெரிந்தது. முகத்தை முன்னாலிருந்து பிடித்து உரித்து எடுத்திருந்தார்கள். ஒரு கண் ஜல்லிக் கல்லின் மேல் கிடந்து மழையில் நனைந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது, ஆவி பறந்தது.

இக்னேஷியஸ் மேலே ஏறிக் கதவை உதைத்தார். தாழ்ப்பாள் திறந்தேதான் இருந்தது. உள்ளே இருபது பேரும் அவரைப் பார்த்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஞானத்தை ஏன் வெளியே விட்டீர்கள் என்று கத்தினார். கதவோரம் இருந்த மில் தொழிலாளி குமாரவேல் விழித்தான்.

"நீங்கதான சார் வந்து கூப்ட்டீங்க. 'ஞானம், ஒரு நிமிஷம் வாங்க'ன்னு."

"நானா?"

"மூஞ்சி பாக்கல சார், இருட்டு. குரலு உங்களுதுதான். அந்த இருமலு கூட."

குமாரவேல் நிறுத்தவில்லை. உதவியாகத்தான் சொன்னான்.

"அதுக்கு மின்னாடியும் கேட்டுது சார். கொக்கிக்காரன நீங்க இழுத்துகினு போன கொஞ்ச நேரத்துல, லேடீஸ் பெட்டி கிட்ட போயி கூப்ட்டீங்களே. 'ஆலிஸ், நான்தான், கதவ தொற'ன்னு."

இக்னேஷியஸ் குதித்தார். ஜல்லியில் விழுந்தார். எழுந்தார். பின்னாலிருந்து ஜேக்கப் விளக்கோடு ஓடி வந்துகொண்டிருந்தான், அவன் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, வெள்ளத்துரை செத்துட்டான். கட்டுலயே செத்துட்டான்."

இக்னேஷியஸ் பெண்கள் பெட்டிக்கு ஓடினார். அவன் குற்றவாளி இல்லை. அவனை அடித்த நேரம் முழுக்க, அவன் அலறியதை அவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரம் முழுக்க, அவருடைய குரல் இங்கே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. தன் குரலுக்கு மட்டும் திறக்கச் சொன்னவர் அவர்தான்.

தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார்.

"ஆலிஸ்."

"கீறோம் நைனா."

அவள் குரல்தான். அதே குரல். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு.

"கதவ தொறம்மா."

"நீதான தொறக்க வேணாம்னு சொன்னே."

"நான்தான் சொல்றேன். தொற."

உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். ரொம்ப நீளமான மூச்சு. அப்புறம் அதே குரல், அதே சொற்கள், ஒரு எழுத்து பிசகாமல்.

"நீதான தொறக்க வேணாம்னு சொன்னே."

கடல் பக்கக் கதவு அசையவில்லை. தோளால் இடித்தார். அசையவில்லை. அந்தப் பக்கம். உப்பளப் பக்கம். அங்கே தண்ணீர் என்று அவர் ஒரு தடவை கூடப் போய்ப் பார்க்கவில்லை. இரு பெட்டிகளுக்கும் நடுவே இணைப்புச் சங்கிலியின் மேல் ஏறித் தாண்டினார். தண்ணீர் மார்பு வரை வந்தது. விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஜேக்கப் அந்தப் பக்கமே நின்றுவிட்டான், என்னவோ கூப்பிட்டான்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. காற்றில் அடித்து அடித்துத் திறந்தது.

ஏறினார்.

மீன் வாடை. ரத்த வாடை. விளக்கு வெளிச்சம் ஆடியது.

கெங்கம்மாவும் பூவம்மாவும் கூடையின் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். ஒருத்தியின் கை இன்னொருத்தியின் கையைப் பிடித்திருந்தது, பிடித்த கைக்குத் தோள் இல்லை. நீலா மூலையில். வயிற்றைப் பார்த்ததும் இக்னேஷியஸ் விளக்கைத் திருப்பிவிட்டார்.

பெஞ்சில் ஆலிஸ்.

ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தட்டியை ஒட்டி. கழுத்து இல்லை. தாடை இல்லை. நாக்கு இல்லை. பதில் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. கோணல் சடை முன்னால் விழுந்து ரத்தத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. காய்ந்துதான் இருந்தது. தொட்டார். சில்லென்று இருந்தாள். எப்போதோ போய்விட்டாள். அவர் ஆள் பிடித்த சந்தோஷத்தில் வந்து தட்டியபோதும் இப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

செத்த நால்வரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. பெஞ்சுக்கு அடியிலும் இல்லை.

கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கடல் பக்கத் தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது. தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அழ வரவில்லை. வெளியே ஜேக்கப் கத்தினான். ஒரு தரம்தான். அப்புறம் மழை. தண்ணீர் மரத்தில் மோதும் சத்தம். சட்டையால் அவள் நெற்றியைத் துடைத்தார். சடையைப் பிரித்து, சிக்கெடுத்து, மறுபடியும் பின்ன ஆரம்பித்தார். விரல்கள் வழுக்கின.

கடல் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. இரண்டு தரம்.

"நைனா."

அவர் அசையவில்லை.

"நைனா, குளுருது. தொற நைனா."

ஆலிஸ். சின்னதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் கூப்பிடுவாள். பல் நடுங்குவது கூடக் கேட்டது. மடியில் இருந்த தலையைப் பார்த்தார். அது அவள்தான். அவளேதான். வேறு யாரும் இல்லை.

"ரொம்ப நனைஞ்சிட்டேன் நைனா."

அவளைத் தூக்கிப் பெஞ்சின் மேல் பத்திரமாகக் கிடத்தினார். பாதி பின்னிய சடை கையிலிருந்து நழுவியது.

"வந்துட்டேம்மா," என்றார் இக்னேஷியஸ். எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.